பிரேக் அக்கா கோர்ட்டுக்குப் போன கதை

என் மகளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் எல்லாரும் அவளை ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கோடு பதறும்போது, இவள் பேச்சை நிறுத்தாமலே காலை அழுத்துவாள். ஆறு வருஷத்தில் காரில் ஒரு கீறல் கிடையாது.

எனக்குப் பேத்தியைப் பெற்றுக் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பப் போனாள். முதலாளி அவள் காரை வேறொருவரிடம் கொடுத்திருந்தார்.

“நீ எங்க ஸ்டாஃப் இல்லம்மா. தனியாத் தொழில் பண்ற காண்ட்ராக்ட்காரி. கையெழுத்துப் போட்டிருக்க பாரு. காண்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு.”

அவளுக்கு வேண்டியது அந்த சீட் மட்டும்தான். தகராறு என்றால் சிவில் கோர்ட் என்று அந்தக் காகிதத்தில் இருந்ததால் அங்கே போனோம். பேத்தி என் தோளில். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் மனுவைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

“ஸ்டாஃபா இல்லையாங்கிறது லேபர் கோர்ட் விஷயம்மா. எதிர்க் கட்டடம், ரெண்டாவது மாடி. தாத்தா, குழந்தை தலையைப் பிடிச்சுக்கோங்க!”

வெளி ஆள் ஒருவர் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு மாடி ஏறியதே தெரியவில்லை.

விசாரணை அன்று முதலாளியின் வக்கீல் எழுந்தார். “இவங்க தொழிலாளியே இல்லை. அதனால இந்தக் கோர்ட்டுக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை.”

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். “தொழிலாளியா இல்லையான்னு முடிவு பண்றதே இந்தக் கோர்ட்டோட வேலைதான். உட்காருங்க.” பிறகு முதலாளியைப் பார்த்தார். “இன்னைக்கு வர முடியாதுன்னு இவங்களா சொல்லலாமா?”

முதலாளிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “அதெப்படிங்க? எந்தத் தெருவுல திரும்பணும்கிறதைக்கூட நான்தான் சொல்வேன். என்னைக் கேக்காம சாவி ஆணியை விட்டு இறங்காது.”

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவரா நிறுத்துவார்?

“யூனிஃபார்ம்ல ஒரு பட்டன் இல்லேன்னாக்கூட வீட்டுக்கு அனுப்பிடுவேன்!”

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று என் மகளைக் கேட்டார் நீதிபதி.

“ஸ்டியரிங் கையில இருக்கிறதால தாங்கதான் வண்டி ஓட்டுறோம்னு கத்துக்க வர்றவங்க நினைப்பாங்க மேடம். பிரேக் என் காலுக்குக் கீழ இருக்கும். என் கதையும் அதான். பேப்பர்ல தனித் தொழில். பிரேக் சார் காலுக்குக் கீழ.”

மறுமாதம் தீர்ப்பு வந்தது. அவள் தொழிலாளிதான், வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. படியில் இறங்கும்போது முதலாளி திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடு. லேட் பண்ணாத.”

“இதைத்தானே சார் ஆறு வருஷமா சொல்றீங்க? வந்துடறேன்.”

இப்போது தினமும் காலையில் பேத்தியோடு தெருமுனையில் நிற்கிறேன். டிரைவிங் ஸ்கூல் கார் வரும். யாரோ ஒருவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார். பேத்திக்குப் பக்கத்தில் வந்ததும் கார் நின்றுவிடும். ஓட்டுகிறவர் தான்தான் நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார்.