என் சத்தம் கேட்ட கடா

கம்பஸில் படிக்கும் பெண் ஒருத்தி போன மாதம் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்தாள். மனிதருக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆராய்ச்சியாம். கையில் போன், அதில் கேள்விகள். "அக்கே, உங்கள் ஆட்டுக்கு உங்கள் குரல் தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! "என் வீட்டில் ஆடு கிடையாது, போ" என்று விரட்டிவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

ஆடு இருந்தது. தாய் செத்த குட்டியைப் போத்தலில் பால் கொடுத்து வளர்த்தேன். ரப்பர் பால் வெட்டிவிட்டு மத்தியானம் திரும்பும்போது லயக்கோடியில் நின்று "டேய் பயலே!" என்பேன். படுத்திருந்தாலும் எழும்பி, உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டு ஓடிவரும்.

என் அண்ணன் இருக்கிறானே, கட்டார் போக விசா வந்தால் முனியாண்டிக்குக் கடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டான். யாருடைய கடா? என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? விசா வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"சாமிக்குன்னு சொல்லிட்டேன். இனிமே மாத்துனா குத்தமாயிரும்."

"நேந்தது உன் வாய்தானே? உன் தலைய குடு!" என்றேன். லயமே சேர்ந்து என்னைத்தான் திட்டியது.

எங்கள் தோட்டத்தில் வெட்டுவதற்கு முன் கடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் முனி சம்மதித்ததாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் கத்தி வைக்கக்கூடாது. பூசை அன்று பூசாரி மூன்று செம்பு ஊற்றினார். கடா அசையாமல் நின்றது.

"சாமி உத்தரவு தரலங்க. அவுத்து விட்டுருங்க" என்றார்.

அண்ணன் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு குளிர்ச்சி! அவன் கயிற்றில் கை வைத்தான். அவிழ்த்து முடிக்கும்வரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? அத்தனை பேர் முன்னால் அவன் மூக்கை உடைக்க வேண்டும் எனக்கு. கூட்டத்தின் பின்னாலிருந்து கத்தினேன்.

"டேய் பயலே! வாடா, வீட்டுக்குப் போவோம்!"

கடா காதை நிமிர்த்தியது. நான் நின்ற பக்கம் திரும்பி, உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

"உத்தரவு குடுத்துருச்சு!" என்று அண்ணன் கூவினான். பெண்கள் குலவை போட்டார்கள்.

"ஐயோ, அது என் சத்தத்துக்குச் சிலுப்புச்சு! சாமி இல்ல!" என்று அலறினேன். தப்பு மேளம் முழங்கிய சத்தத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை.

கடாவுக்கு மட்டும் கேட்டது. கத்தி இறங்கும்வரை கயிற்றை இழுத்துக்கொண்டு என்னிடம் வரத்தான் பார்த்தது.