ஒன்பது மீட்டர்

நாரிஸ் ஹவொர்த்துக்கு ஐம்பத்தெட்டு வயது, பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை, தேய்ந்துபோன வலது இடுப்பு மூட்டு. இதோடு விட்டிருக்கலாம். ஆறு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியே தீருவேன் என்ற கிறுக்கும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூட நாளில் அது மயிரிழையில் தவறிப்போனதாம். மனிதனுக்கு வேறு கவலையே இல்லையா?

திங்கட்கிழமை மான்செஸ்டரில் ஆபரேஷன். அதன் பிறகு ஓடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். குளிர்காலம் முழுக்க, உள்ளூர் ஓட்டப்பந்தய கிளப்பின் தடத்தில் ஒரு சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக என்று மழையில் உயிரைக் கொடுத்துப் பழகியிருந்தான். கிளப்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள் என்று யாரோடும் சேராமல் விடிகாலையில் தனியாகவே ஓடினான். அதுதான் அவனுக்கு வினையாக முடிந்தது.

சனிக்கிழமை காலை, கடைசி முயற்சி. ஸ்டாப்வாட்ச் பிடிக்க டிப்போ நண்பன் வில்ஃபைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தான். நாலாவது சுற்றில் காலை இழுத்து இழுத்து ஓடிவந்து, கோட்டைத் தாண்டியதும் குப்புற விழுந்தான்.

"அஞ்சு அம்பத்தொம்போதுடா கிழவா," என்றான் வில்ஃப். "உசுரு இருக்கா, போயிருச்சா?"

நாரிஸ் தரையில் கிடந்தபடியே அழுதான். இத்தனை வருஷத்துச் சந்தோஷமும் ஒரேயடியாக வந்துவிட்டது.

கிளப்பில் நேரம் குறிக்கும் பெரில் அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கையைக் குலுக்கினாள். பிறகுதான் கேட்டாள்: "எந்தக் கோட்டுலேருந்து கிளம்புன?"

"இதோ, இதுலேருந்துதான். நாலு சுத்து."

பெரிலுக்கு முகம் தொங்கிப்போனது. "அது பழைய கரித்தூள் தடம் இருந்தப்ப, நாரிஸ். அப்ப கஜக்கணக்கு, நாலு சுத்துன்னா ஒரு மைல். இது மீட்டர் தடம்ப்பா, சுத்துக்கு நானூறுதான். மைல் ஓடுறவங்க பின்னாடி தள்ளி, அந்தா, அந்த வளைஞ்ச கோட்டுலேருந்து கிளம்பணும். ஒம்போது மீட்டர் குறையுது."

"ஒம்போது மீட்டர் ஒரு பஸ் நீளம்கூட இல்லியே," என்றான் வில்ஃப். "விட்டுத்தள்ளுடா."

"அதை ஓட ரெண்டு செகண்டு," என்றான் நாரிஸ். "ஆறு நிமிஷம் ஒரு செகண்டு. ஆறுக்குள்ள நான் ஓடவே இல்ல."

இதை யாரிடம் போய் முட்டிக்கொள்வது? தடத்தை மாற்றிப் போட்டவர்கள் மேல் தப்பில்லை, வாட்ச் மேலும் தப்பில்லை. நாரிஸ் எழுந்து, நொண்டி நொண்டிப் பின்கோட்டில் போய் நின்றான்.

"டேய், வேணாம்டா. பைத்தியக்காரத்தனம் பண்ணாத."

"வாட்ச்சை அமுக்கு."

முதல் வளைவைக்கூட அவன் தாண்டவில்லை. இடுப்பு மடங்கிப் புல்லில் சரிந்தான். வில்ஃப் மூச்சிரைக்க ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இனிமே நான் ஓட மாட்டேன், இல்ல?" என்றான் நாரிஸ்.

வில்ஃபுக்குப் பொய் சொல்ல வராது. "மாட்டடா," என்று சொல்லிவிட்டு, அவனைத் தூக்கக் கை கொடுத்தான்.