மாட்டின் கால்களுக்கிடையே தெரிந்த பாதங்கள்

காலை பத்தே கால் மணிக்கு என் மைத்துனர் தன் மடக்குக் கேமராவைத் திறந்தார். ஓசூர் மாட்டுச் சந்தையில், மைசூர் ராஜ்யப் பக்கம் போகும் சாலையோரம் நின்றிருந்தோம். பொத்தானை அமுக்கினால் மூடி முன்னால் சாயும். ஆர்மோனியத் துருத்தி போன்ற கறுப்பு மடிப்புகளை இழுத்துக்கொண்டு லென்ஸ் வெளியே வரும். அந்த நேரத்தில் அவருக்கு உலகமே மறந்துவிடும்.

என் மனைவியின் தம்பி அவர். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மனிதர்களைவிட மாடுகளைத்தான் அதிகம் படம் பிடித்தார். “மாடு வயித்தை எக்காது மாமா, பல்லைக் காட்டாது” என்பார். ஒரு சுருளில் எட்டுப் படம். எட்டும் முடியாமல் கழுவக் கொடுக்கமாட்டார். ஒரு கல்யாணத்தில் எடுத்த படம், அந்தத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் கைக்கு வந்தது. “பேரன் கல்யாணத்துக்குள்ள குடுத்துருடா” என்று என் மனைவி கேலி செய்வாள்.

அன்று அவர் ஒரு வெள்ளைக் காளையைப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தார். என் ஐந்து வயது மகள் குறுக்கே குறுக்கே ஓடினாள். “கண்ணு, மாட்டுக்கு அந்தாண்ட போய் நில்லு. படத்துல வுழாத” என்றார். போனாள். அவர் கேமராவின் சின்னக் கண்ணாடிக்குள் குனிந்தார். நான் தெரிந்தவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் மைத்துனரிடம் இருப்பதாக நான் நினைத்தேன். என்னிடம் வந்துவிட்டதாக அவர் நினைத்தார். காளையை ஓட்டிக்கொண்டு போனபோது அந்தப் பக்கம் யாருமில்லை.

சந்தை முழுக்கத் தேடினோம். தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் விசாரித்தோம். நடுப்பகலில் வீட்டுக்கு ஓடியபோது என் மனைவி என்னை ஒன்றும் சொல்லவில்லை. தம்பியைப் பார்த்து, “எம்புள்ள இல்லாம இந்த வாசப்படி மிதிக்காத” என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். ஆனாலும் கடைவீதியில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். “விடுங்கப்பா, பாக்கறாங்க” என்று கூச்சப்படுகிறாள். விட முடியவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் படம் கேட்டார்கள். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. கண்பட்டுவிடும் என்று மனைவி எடுக்க விட்டதில்லை. மைத்துனர் மெல்லச் சொன்னார்: “இந்தச் சுருள்ல மொத படம் அவதான் மாமா. அக்காவுக்குத் தெரியாம எடுத்தேன்.” எட்டு முடியாத சுருளை அவர் கழுவக் கொடுத்தது அன்றுதான்.

ஸ்டுடியோக்காரர் ஈரப் பிலிமை விளக்குக்கு நேரே பிடித்தார். என் குழந்தையின் கூந்தல் நரைத்து, முகம் கறுத்துத் தெரிந்தது. நெகட்டிவ் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மைத்துனர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காளையின் கால்களுக்கிடையே, பின்னால் நின்ற வண்டியில் ஏறும் மரப்படியில் இரண்டு சின்னப் பாதங்கள். அந்த வண்டியில் பூட்டியிருந்த மாட்டுக்கு ஒரு கொம்பு பாதிதான் இருந்தது.

“அந்தக் கொம்புக்குக் கட்டுப் போட்டதே நான்தான். எல்லைக்கு அந்தாண்ட அத்திப்பள்ளி வண்டி மாமா!” என்று கத்திக்கொண்டே சைக்கிளில் ஏறினார். கேமராவை மேசைமேல் திறந்தபடியே விட்டுப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூண்டுவண்டி வந்து நின்றது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்த மைத்துனர் தெருவிலேயே நின்றுவிட்டார். வண்டிக்காரரின் மனைவி, தூங்கிப்போயிருந்த என் மகளைத் தோளில் சாய்த்தபடி இறங்கி வந்தாள். வைக்கோலுக்குள் தூங்கிய குழந்தையை ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தார்களாம். பிள்ளையை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, தங்கையைக் கன்னடத்தில் கூப்பிடுவதுபோலத் ‘தங்கி’ என்று கூப்பிட்டு, கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்:

“யாரு வூட்டுப் புள்ளன்னு கேட்டா அப்பன் பேரும் சொல்லல, உன் பேரும் சொல்லல தங்கி. படம் புடிக்கிற மாமா வருவாருன்னே உக்காந்திருந்துச்சு. மனுசன் வெளிய நிக்கறாரு பாரு, உள்ள கூப்புடு.”