பார்க்காத படத்துக்கு எழுதிய வரி

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் 'விமர்சனம்'. முதலாளிகூட, "விமர்சனத்தக் கூப்பிட்டுப் பசை எவ்வளவு இருக்குன்னு கேளு" என்றுதான் சொல்வார்.

கேண்டீனில் கை கழுவும் குழாய்க்கு மேலே ஒரு கரும்பலகை. திங்கட்கிழமைதோறும் அதில் மூன்று வரி எழுதுவார். பார்க்க ஒரு படம், கேட்க ஒரு பாட்டு, படிக்க ஒரு புத்தகம். புத்தக வரியை நாலு பேர் சீண்டினால் பெரிது. பாட்டு வரிக்கு மெஷின் சத்தத்தையும் மீறிச் சண்டை நடக்கும். பட வரிதான் சட்டம். மாதத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு படமும் சொதப்பினால் வயிற்றெரிச்சல்தானே? இருபத்திரண்டு வருஷத்தில் தன் கண்ணால் பார்க்காத படத்தை அவர் எழுதியதில்லை. விளம்பரத்தை நம்பிப் பேசுகிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "வாயில வைக்காமலே உப்பு சரியா இருக்குன்னு சொல்ற ஆளுய்யா நீ" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார்.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழங்கால் வலி. சோம்பல் என்றும் சொல்லலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும். பேப்பரில் ஒரு படத்தைப் பற்றி நல்லபடியாகப் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை பலகையில் அதன் பெயரைப் போட்டு, "விட்டுவிடாதீர்கள். இரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள்" என்று எழுதினார். எடுத்துவிடுவார்கள் என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. ஒரு வேகத்துக்கு.

பாய்லருக்குக் காலையில் ஒருவர், மதியத்துக்கு மேல் ஒருவர். மதிய ஆளுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பலகையைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ஒரு நாள் ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று காலை ஆளிடம் கெஞ்சினான். அவர் தங்கமான மனுஷன். "விமர்சனமே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன? கூட்டிட்டுப் போடா. நான் நின்னுக்கறேன்" என்றார். செவ்வாய் சாயங்காலம் நாலரைக்கு நீராவிக் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. பதிலுக்கு நின்றவர் உடம்பு வெந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார்.

விமர்சனத்தை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இணைப்பை மாற்றச் சொல்லிக் கொடுத்த கடிதம் ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். ஆனாலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை சாக்பீஸைக் கையில் எடுத்தார், வைத்துவிட்டார். "என்னண்ணே, இந்த வாரம் ஒண்ணும் தேறலையா?" என்று ஒருவன் கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

இருபது நாள் கழித்து, இறந்தவரின் மனைவி ஸ்டோருக்கு வந்தாள். அவருடைய லாக்கரில் கிடந்த சாமான்களை வாங்கிப் போக வேண்டும். ஒரு சட்டை, சீப்பு, சைக்கிள் சாவி. அவர் எடுத்து மேஜையில் வைத்தார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டும் நகரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அந்தப் படம் நல்லாருந்துச்சா?"

"நல்ல படம்தாம்மா" என்றார்.

"அப்ப கதையச் சொல்லுங்க. அந்தத் தம்பிகிட்டக் கேக்கலாம்னா, என்னக் கண்டாலே ஓன்னு அழுவுறான். தியேட்டர்ல போய் உக்கார எனக்கும் தெம்பு இல்ல. எதுக்காக இவரு உசிரு போச்சுன்னு தெரிஞ்சா கொஞ்சம் ஆறும்னு தோணுது."

"ஒரு அண்ணன் தங்கச்சிம்மா..." என்று ஆரம்பித்தார். பேப்பரில் படித்தது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு அட்சரம் தெரியாது. அவள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, முழுசாகக் கேட்கத் தயாராகிவிட்டாள்.

"நான் பாக்கல தங்கச்சி" என்றார். "பாக்காமலே எழுதிட்டேன்."

வெளியே லாரியில் அட்டைக்கட்டு ஏற்றுகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் சட்டையை உதறி, மடித்து, பைக்குள் வைத்தாள்.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரிய வேண்டாம். அந்தத் தம்பி காதுல விழுந்தா தாங்க மாட்டான். நீங்க பாத்துச் சொன்ன படத்துக்குப் போனோம்னாவது நெனச்சுக்கிட்டிருக்கட்டும்." வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டாள். "நீங்க மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க."