பளிங்குக்கு உறை போட்ட நாள்

காஸும் நெயில் பொலிஷும் கலந்த மாதிரி ஒரு மணம்... எங்கள் முதலாம் வருட கெமிஸ்ட்ரி லாப் என்றால் எனக்கு அதுதான்.

எங்கள் ஊர் கிரானில் தமிழில் ஏ.எல். என்கிற உயர்தரம் படித்துவிட்டுக் கம்பஸுக்குப் போனவள் நான். அங்கே ஓர்கானிக் கெமிஸ்ட்ரி முழுக்க இங்கிலீஷ். முதல் டெஸ்டில் வகுப்பிலேயே ஆகக் குறைந்த மார்க்ஸ் எனக்குத்தான். ஹொஸ்டலில் அழுது தீர்த்தேன். அடுத்த பிராக்டிக்கலும் பிழையாகிப் போனால் கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு வேறு பாடத்துக்கு மாறுவது என்று முடிவே எடுத்துவிட்டேன்.

வந்தது மீள்பளிங்காக்கல். அழுக்குத் தூளைச் சுடுநீரில் கரைத்து, வடித்து, ஆறவிட வேண்டும். சுத்தமான பளிங்கு தானாக இறங்கும்.

எல்லோருக்கும் இறங்கியது. என் குடுவையில் மட்டும் வெறும் தெளிந்த தண்ணீர்... ஐஸில் வைத்தும் அசையவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அம்மா எருமைத்தயிர் போட்டு விற்பவர். பழைய தயிர் கொஞ்சம் விழாமல் பால் உறையாது, விழுந்த பிறகு சட்டியை யாரும் அசைக்கக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். நான் கரைக்காமல் மிச்சம் வைத்திருந்த தூளில் ஒரு கடுகளவு எடுத்துக் குடுவைக்குள் போட்டேன்.

பக்கத்தில் நின்ற சுகந்தி பதறிப்போனாள். "என்னகா செய்யிறாய்? வடிச்சதுக்குள்ள திரும்பவும் ஊத்தையப் போடுறாய்! மேடம் கண்டா ஏசுவா!"

"பேசாம இரு. மேசைய ஆட்டிப்போடாத."

மேடம் கண்டேவிட்டார். "என்ன போட்டீங்க?"

"உறை போட்டன் மேடம்..."

லாப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் துகளைச் சுற்றி வெள்ளையாய் ஏதோ முளைத்தது... பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடுவை முழுக்கப் பளிங்கு!

மேடம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதுக்குப் பேர் சீடிங், விதை போடுறது. நான் இன்னும் படிப்பிக்கவே இல்ல. எல்லாரும் வந்து பாருங்க!"

பாடம் மாறவில்லை. இங்கிலீஷோடு மல்லுக்கட்டி, வருட முடிவில் ஓர்கானிக்கில் 'ஏ' எடுத்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து போனில் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

"நீ அழுதழுது படிச்ச அந்தப் பாடமா மகள்?"

"ஓம் அம்மா, அதேதான்!" பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

இப்போது எனக்கு லாப்பில்தான் வேலை. எல்லாம் மெஷின். பட்டனை அழுத்தினால் விடை திரையில் வரும். வசதிதான், குறை சொல்லவில்லை.

ஆனால், சிரித்தவர்கள் எல்லோரும் என் மேசைக்கு ஓடிவந்து வாய் பிளந்து நிற்கிற மாதிரி ஒரு விடை... அந்தத் திரையில் இன்னும் வரவில்லை.