பிளெக்ஸ் போர்டில் என் கலர்

மெல்லிசைக் குழுவில் பாடுகிற பெண்ணுக்குக் குரல் இரண்டாவது தகுதி. முதல் தகுதி என்னவென்று மேடையில் லைட்டைப் போட்டதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஜாதகத்தில் 'மாநிறம்' என்று எழுதி ஊரை ஏமாற்றிய குடும்பங்களில் பிறந்த என் சக கறுப்பிகளே, கறுப்பர்களே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? என் பெயர் வளர்மதி. திண்டுக்கல்லில் அந்தோணி மாஸ்டர் நடத்தும் குழுவில் பதினேழு வருஷமாகப் பாடுகிறேன். சுற்றுவட்டாரத்தில் நான் பாடாத கல்யாண மண்டபமும் இல்லை, கோயில் திடலும் இல்லை. ஆனால் ஒரு பிளெக்ஸ் போர்டில்கூட என் முகம் அதன் சொந்த நிறத்தில் வந்தது கிடையாது. போகட்டும் என்றுதான் இருந்தேன். என் மகள் இனியா பிளஸ் டூ படிக்கிறாள். குரலில் என்னை மிஞ்சியவள், நிறத்தில் என்னையே உரித்து வைத்தவள். போன வருஷம் மாஸ்டர் அவளைப் பாட வரச் சொன்னபோது, ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று பாடுவதாக இருந்தால் வருகிறேன் என்றாள். அன்றைக்குத்தான் எனக்குச் சுருக்கென்றது. அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம், கீழே வரும் சம்பவங்களில் சிலவற்றை அவள் கூட இருந்து பார்த்ததுதான்.

கழுத்து வரைக்கும்

என் முதல் கச்சேரி ஒரு ரிசப்ஷன். கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட வந்த அக்காவையே எனக்கும் போட்டுவிடச் சொல்லிவிட்டார் மாஸ்டர். அக்கா பெட்டியைத் திறந்து என் கன்னத்தோடு ஒவ்வொரு டப்பாவாக வைத்துப் பார்த்தார். என் நிறத்துக்கு அவரிடம் டப்பா இல்லை. அதற்காக மனம் தளர்ந்துவிடவில்லை, இருந்ததிலேயே வெளுத்ததை எடுத்து அப்பிவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் தலை யாருடையதோ, கழுத்துக்குக் கீழே நான்.

கழுத்தை மறைக்க முந்தானையைச் சுற்றிவிட்டார்கள், கையை மறைக்க முழுக்கை ஜாக்கெட். மாதமோ சித்திரை. மூன்றாவது பாட்டிலேயே காதோரமாக வேர்வை இறங்கி, பூசிய இடத்தில் கோடு கோடாக நான் வெளியே வர ஆரம்பித்தேன். முன்வரிசைப் பெண்கள் பாட்டைக் கேட்கவில்லை, கோடுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"ஏன்டி இப்படி வேர்த்து ஊத்துது ஒனக்கு? அம்புட்டு வேலையும் வீணாப் போச்சு. அடுத்த தடவயாச்சும் வேர்க்காமப் பாடு."

ஆம்பளைக் கறுப்பு, பொம்பளைக் கறுப்பு

எங்கள் குழுவின் பாடகர் முருகேசன் கறுப்பில் எனக்கு அண்ணன். அவர் கறுப்புச் சட்டை போட்டு மேடையேறினால் பல்லும் மைக்கும் மட்டும்தான் தெரியும். விசில் பறக்கும். கறுப்புதான் அழகு, கறுப்புதான் வீரம் என்கிற மாதிரிப் பாட்டு நம் சினிமாவில் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அதில் ஒன்றை அவர் எல்லா ஊரிலும் மூன்றாவதாகப் பாடுவார். பாடும்போது தன் கன்னத்தைத் தட்டிக் காட்டுவார். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கும். நான் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று ஹம்மிங் கொடுப்பேன்.

வடமதுரையில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் எனக்கு ஓர் ஆசை வந்தது. அதே பாட்டை ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்வதுபோல் நாலு வார்த்தை மாற்றிப் பாடினேன். பல்லவியில் அவரைப்போலவே கன்னத்தைத் தட்டிக் காட்டினேன். விசில் வரவில்லை. யாரோ இருமினார்கள். விசேஷ வீட்டுக்காரர் நல்ல மனுஷர், மேடையோரம் வந்து அப்பன் மகளுக்குச் சொல்வதுபோலப் பக்குவமாகச் சொன்னார்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான்மா இருந்துச்சு. ஆனா பொம்பளப்புள்ள இம்புட்டுத் திமிராப் பாடுனா கேக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல. அத முருகேசனவே இன்னொருக்கா பாடச் சொல்லு."

சாமி கறுப்பாக இருக்கலாம்

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கருப்பசாமி கோயில். திருவிழாவுக்குக் கச்சேரி பேச ஐந்து பேர் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்கள். ஐந்து பேரும் அந்தச் சாமிக்குச் சொந்தக்காரர்கள் என்று பார்த்தவுடனே தெரியும். அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை, பாடுகிற பெண் கலராக இருக்க வேண்டும். அப்போது நான் அங்கேதான் உட்கார்ந்து பாட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் வீட்டு வேலைக்கு வந்தவள் என்று நினைத்திருப்பார்கள் போல.

கலருக்கு எங்கள் குழுவில் நிவேதா இருக்கிறாள். செவத்த பெண், தங்கமான குணம். மேல் ஸ்தாயி மட்டும் அவளுக்கு எட்டாது. மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் அவள் உதட்டை அசைப்பாள், நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று ஏறுவேன். அன்றும் அப்படித்தான் டூயட்டெல்லாம் நடந்தது. சாமி பாட்டு வந்ததும் கமிட்டித் தலைவர் மேடைக்கே ஓடி வந்துவிட்டார். சாமி பாட்டுக்கு இந்தப் பிள்ளை முகம் எடுக்காது, பின்னால் ஒரு அம்மா இருந்தாரே அவரைக் கூப்பிடுங்கள் என்றார். முன்னால் வந்து பாடினேன். மூன்று பேருக்கு அருள் வந்தது. ஒருவர் என் காலில் விழுந்து திருநீறு கேட்டார். பாட்டு முடிந்ததும் தலைவர் கண் கலங்கக் கும்பிட்டார்.

"தாயி, கருப்பனே நேர்ல வந்து நின்னாப்புல இருந்துச்சு. இனிமே டூயட்டுதான, நீங்க பின்னால போயிருங்க."

போர்டில் இருந்தவள்

இந்த இடத்தில் ஷாஜகான் பாயைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவுக்கு பிளெக்ஸ் அடிப்பது அவர் கடைதான். போட்டோவை கம்ப்யூட்டரில் ஏற்றியதும் முகத்தை வெளுப்பாக்கிவிட்டுத்தான் பெயரையே கேட்பார். கல்யாணப் பெண்ணோ, கண்ணீர் அஞ்சலியோ, எல்லோருக்கும் அவர் கையில் ஒரே பால்கோவா நிறம். முருகேசனை மட்டும் தொடமாட்டார். ஆம்பளைக்கு அது கெத்து என்பார்.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்காரர் வீட்டு ரிசப்ஷன். இனியாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு தனியாக பஸ்ஸில் போனேன். மண்டப வாசலில் எங்கள் குழுவின் போர்டு, அதில் பால்கோவா நிறத்தில் நான். அதற்கு நேர் கீழே நின்ற என்னைக் கல்யாணப் பெண்ணின் மாமா நிறுத்தி, சமையல்கட்டுக்குப் பக்கவாட்டில் வழி என்றார். பாடகி என்றேன். போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாஸ்டருக்கு போன் போட்டு, பாடகி இன்னும் வரவில்லை, பதிலுக்கு வேறு யாரையோ அனுப்பியிருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். மாஸ்டர் வாசலுக்கு வந்து சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார். இனியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போர்டைக் கிழித்திருப்பேன். மாமா மரியாதை தெரிந்தவர், கூடவே நடந்து வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. போர்டுல இருக்கறது உங்க தங்கச்சிங்களா?"

சட்டையில் இருந்த பாடகி

ஒரு காலேஜ் விழா. பொறுப்பாக இருந்த மாணவன் போட்டிருந்த டீ-சர்ட்டில் ஒரு அமெரிக்கப் பாடகியின் முகம். நல்ல கறுப்பு, சுருட்டை முடி, ராணி மாதிரிப் பார்வை. யாரப்பா இது என்று கேட்டதுதான் தாமதம், அரை மணி நேரம் பேசினான். கறுப்புதான் என் பெருமை என்று அவர் பாட்டு எழுதினாராம். அதையே ஆம்பளைப் பாடகன் பாடினால் புரட்சி என்றவர்கள், இவர் பாடியதும் திமிர் என்றார்களாம், பேசாமல் காதல் பாட்டு பாடிவிட்டுப் போகச் சொன்னார்களாம். இது என்ன நியாயம் ஆன்ட்டி என்று கொதித்தான். எனக்கு அந்தக் காதுகுத்துக்காரரின் முகம் கண் முன்னால் வந்து போனது. கடல் தாண்டி எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறாள் என்று மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது. மைக் டெஸ்ட்டுக்கு நான் நடுவில் போய் நின்றதும் அவன் ஓடி வந்தான்.

"ஆன்ட்டி, நீங்க செத்த ஓரமா நின்னுக்கிறீங்களா? நடுவுல நிவேதா அக்கா நின்னாதான் போட்டோவுக்கு நல்லாருக்கும்."

அங்கேயும்

வீட்டுக்கு வந்து இனியாவிடம் அந்த அமெரிக்கப் பாடகியைப் பற்றிச் சொன்னேன். அவள் போனில் தேடிப் படித்துப் படித்துச் சொன்னாள். பெரிய பத்திரிகை ஒன்று அட்டையில் அவர் படத்தைப் போட்டபோது முகத்தை வெளுப்பாக்கிப் போட்டதாம். அவர் கோபப்பட்டதற்கு, அது லைட் விழுந்த கோளாறு என்றார்களாம். இவ்வளவு பெரிய பாடகிக்கே இந்தக் கதியா என்று நான் வாயைப் பிளந்தேன். இனியா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப அங்கயும் ஒரு ஷாஜகான் பாய் இருக்காரும்மா."

மிஷின் கோளாறு

கருப்பசாமி கோயிலில் நான் பாடியதை யாரோ கடைசி வரிசையிலிருந்து வீடியோ எடுத்திருக்கிறார்கள், முகம் மங்கல், குரல் சுத்தம். அது போன் போனாகச் சுற்றி, இந்த வருஷம் வடமதுரைக் கோயில் கமிட்டி என்னைத்தான் வேண்டும் என்று கேட்டது. மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக வந்தார். நான் இரண்டு விஷயம் சொன்னேன். போர்டில் என் முகத்தை உள்ளபடி போட வேண்டும், எல்லாப் பாட்டுக்கும் நான் முன்னால் நிற்பேன். இல்லையென்றால் பாட வரவில்லை. சொல்லிவிட்டேன். சரி வராதே என்று அவர் சொல்லிவிட்டால் பதினேழு வருஷம் அன்றோடு முடிந்தது. இத்தனை நாள் இல்லாத வழக்கம் என்று மாஸ்டர் இழுத்தார். அப்போது, அக்கா வராவிட்டால் மேல் ஸ்தாயிக்கு நான் யாரிடம் போவேன், நானும் வரவில்லை என்று நிவேதா சொன்னாள். சரி, நீயே பாய் கடைக்குப் போ என்றார் மாஸ்டர்.

பாய் கடையில் நானே பக்கத்தில் உட்கார்ந்து அடிக்க வைத்தேன். பழக்கதோஷத்தில் அவர் கை வெளுப்பாக்கப் போகும், நான் மவுஸைப் பிடித்துக்கொள்வேன். ஓசியில் செய்து கொடுப்பதை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நான்தானாம்.

கச்சேரி அன்று மத்தியானம் இனியாவையும் கூட்டிக்கொண்டு மைக் டெஸ்ட்டுக்குப் போனால், திடலில் ஒரே கூட்டம். கமிட்டிச் செயலாளர் போர்டைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். பிரிண்ட் சரியில்லை, முருகேசன் நன்றாக விழுந்திருக்கிறார், அந்த அம்மா முகத்தில் மட்டும் மை சிந்திவிட்டது, கழற்றிவிட்டு வேறு அடித்து வாருங்கள் என்று பாயை போனில் வரவழைத்திருந்தார். பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, என்னைப் போர்டுக்குக் கீழே நிறுத்தினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். தொழில் சுத்தமாக இருந்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. அவங்களே இதான்."

செயலாளர் அப்போதும் கயிற்றை அவிழ்க்கக் கையை நீட்டினார். போர்டு இறங்கினால் நானும் அதோடு இறங்கிப் போகிறேன் என்றேன். வீடியோவைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கோரைப்பாய் விரித்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு டூயட், சாமி பாட்டு, முருகேசனின் மூன்றாவது பாட்டு, எல்லாமே முன்னால் நின்று பாடினேன், கன்னத்தைத் தட்டிக் காட்டினேன். விசில் ஒன்றே ஒன்று வந்தது. யார் என்று பார்த்தால் முருகேசன்.

இறங்கி வந்தால் இனியா போர்டுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள், கணக்குப் பரீட்சைத் தாளைப் பார்ப்பது மாதிரி. நல்லா இருக்கா என்று கேட்கப் பயந்துகொண்டே பக்கத்தில் போனேன்.

"கீழ இடது பக்கம் இம்புட்டு எடம் சும்மா கெடக்கும்மா. அங்க என் போட்டோவப் போட்டிருக்கலாம்ல."

அந்த இடத்தை என் போனில் போட்டோ எடுத்து அப்போதே பாய்க்கு அனுப்பினேன்.

ஆக, பதினேழு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: இந்தத் தொழிலில் கறுப்பாக இருக்கலாம், பெருமையாகவும் இருக்கலாம், ஆனால் ஒரு பொம்பளை இரண்டையும் ஒன்றாகச் செய்தால் முதலில் மிஷினைத்தான் சோதித்துப் பார்ப்பார்கள்.