கசங்காத புடவை

தொண்ணூறுகளில் செங்கம் சாலையில் ஒரு விடுதிக்கு மேலாளராக இருந்தேன். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்குச் சீருடையாகப் பாலியஸ்டர் புடவை எடுத்தது நான்தான். கசங்காது என்பதே காரணம்.

சித்திரை வெயிலில் மல்லிகா கேட்டாள்: "உடம்புல ஒட்டிக்குதுங்க சார். மாடிக்குப் போறப்ப மட்டும் நூல் புடவை கட்டிக்கறேனே?"

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்மா. பழகிடும்."

அன்று மதியமே, மொட்டை மாடியில் படுக்கை விரிப்புகளை உலர்த்தும்போது மயங்கி விழுந்தாள். சமையல்கார அம்மா கொடியிலிருந்து ஈர விரிப்பு ஒன்றை உருவி அவள்மேல் போர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரூம்ல படுக்கறவங்களுக்கு மட்டும் காட்டனா சார்?"

பாலியஸ்டர் என்றால் விருந்தினருக்குப் புழுங்கும் என்று பருத்தி விரிப்புகளைத் தேடி வாங்கியவனும் நான்தான்.

மல்லிகா பிழைத்துக்கொண்டாள். சீருடையை மாற்றிவிட்டதாகச் சொல்லியனுப்பினேன். அவள் வரவில்லை. அந்தப் புடவையைத் துவைத்து, மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதில் ஒரு கசங்கலும் இல்லை.